கை நனைத்த இடம்

பிரான்சில் வசிக்கும் நண்பர் ஒருவர் சென்ற கோடையில் நீண்டதொரு மின்னஞ்சல் எழுதியிருந்தார். நகரத்தை விட்டு விலகி, ஒரு குடியானவர் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருக்கிறார். காலையில் வீட்டு ரொட்டி, இரவில் வீட்டுக்காரர்களோடு ஒரே மேசையில் உணவு. அங்கே இதற்கெல்லாம் முறையான ஏற்பாடு உண்டு. டயர் விற்கும் மிஷ்லென் நிறுவனம் 1900-லேயே வண்டியோட்டிகளுக்கு வழிகாட்டி நூல் அச்சிட்டது. கிராமத்து வீடுகளை விருந்தினருக்குத் திறந்துவிடும் ‘ழீத் து பிரான்ஸ்’ அமைப்பு 1955-ல் தொடங்கியது. நண்பர் கடிதத்தை ஒரு கேள்வியோடு முடித்திருந்தார்: “நம் சீமையில் இப்படித் தங்க, சாப்பிட, நல்ல இடம் எது? நீங்கள் எழுதுங்களேன்.”

எழுதுவதற்காகவே கிளம்பினோம். நாங்கள் இருவர், கல்லூரிக் காலத்திலிருந்து ஒன்றாகத் திரிபவர்கள். எல்லோரும் போகும் ஊராக இருக்கக்கூடாது என்று நரிக்குடியைத் தேர்ந்தோம். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, அங்கிருந்து திருச்சுழி, அதற்கும் கிழக்கே நரிக்குடி. வழியெல்லாம் சீமைக்கருவேலம், ஆங்காங்கே பனை, தண்ணீர் வற்றிப்போன கண்மாய்கள். திருச்சுழியில் இறங்கிச் சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயிலுக்கும், 1879-ல் ரமணர் பிறந்த வீட்டுக்கும் போய்வந்தோம். நரிக்குடியை அடைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

அந்த ஊரைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நரிக்குடியை ஒட்டிய முக்குளம் மருது சகோதரர்கள் பிறந்த ஊர். நரிக்குடியில் உள்ள பழைய சத்திரத்தையும் ஊரார் அவர்கள் பெயரோடு சேர்த்தே சொல்கிறார்கள். இராமேசுவரத்துக்கு நடந்து சென்ற யாத்திரிகர்களுக்கு வழிநெடுகச் சத்திரங்கள் இருந்த காலம் அது. முன்பின் தெரியாத ஒருவனுக்குச் சோறும் திண்ணையும் கொடுப்பதை அரசர்கள் தங்கள் கடமையாகக் கருதியிருக்கிறார்கள். பிரெஞ்சு நண்பருக்குப் பதிலாக இந்தச் சத்திரத்தைச் சொல்லிவிடலாம், நம்மிடம் இது எப்போதோ இருந்தது என்று பெருமையோடு முடித்துவிடலாம் என்பதுதான் எங்கள் திட்டம்.

தேநீர்க் கடையில் பேச்சுக் கொடுத்தோம். தங்கும் விடுதி எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. பெஞ்சில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எங்களை அக்கறையோடு விசாரித்தார். “இருட்டுற நேரத்துல எங்க போவீங்க தம்பி? நம்ம வீட்டுலயே படுத்துக்கங்க. ராத்திரிக்குச் சுடுசோறு ஆக்கச் சொல்றேன்” என்றார். கேட்கவே மனம் குளிர்ந்தது. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டவர், நடக்கத் தொடங்குமுன், மிக இயல்பாக, குரலில் கனிவு சிறிதும் குறையாமல் கேட்டார்: “நீங்க என்ன ஆளுக?”

எங்களில் ஒருவருக்கு அந்தக் கேள்விக்குத் தயக்கமின்றிச் சொல்லக்கூடிய பதில் இருந்தது. இன்னொருவருக்கு இல்லை. எவருக்கு என்பதை இங்கே எழுதப் போவதில்லை. பொய் சொல்லியிருக்கலாம்; ஒருவர் பதிலில் மற்றவரும் ஒண்டிக்கொண்டு போயிருக்கலாம். இரண்டையும் செய்ய மனம் வரவில்லை. “இல்லைங்கய்யா, பஸ் இருக்கு, அருப்புக்கோட்டைக்கே போயிடறோம்” என்றோம். பெரியவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அவர் மீது எங்களுக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் இன்றுவரை எங்களை உறுத்திக்கொண்டிருக்கிறது.

அன்றிரவு அருப்புக்கோட்டையில் புரோட்டாக் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். இந்த மாவட்டத்தின் எண்ணெய் புரோட்டா பேர்பெற்றது; மொறுமொறுவென்று பொரித்துச் சால்னாவில் ஊறவைத்துத் தின்பது. எதிரில் யாரோ, பக்கத்தில் யாரோ. “எத்தனை?” என்பதைத் தவிரப் பரிமாறியவர் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. விடுதியிலும் அடையாள அட்டையும் முன்பணமும் கேட்டதோடு சரி. காசு கொடுத்துச் சாப்பிடும் இடத்தை ஈரமற்றது என்று எத்தனை முறை எழுதியிருக்கிறோம்! அந்த ஈரமின்மைக்குள் எவ்வளவு பெரிய விடுதலை இருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது.

மறுநாள் சத்திரத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க மீண்டும் போனோம். அதன் முன் நின்றபோது பழைய பெருமிதம் வரவில்லை. மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட அதே 1801-ல், தஞ்சை மன்னர் சரபோஜி தம் சத்திரங்களைப் பற்றி ஆங்கிலேயருக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்கே எல்லாச் சாதியாருக்கும் உணவு உண்டு என்று அதில் சொல்கிறார். நல்லது. ஆனால் எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்தார்களா? 1920-களில்கூடச் சேரன்மாதேவி குருகுலத்தில், தேசத் தொண்டுக்கென்று சேர்ந்த பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்ததில் பெரும் பூசல் எழுந்தது. சோறு போடுவது ஒன்று, கூட அமர்வது வேறொன்று.

திரும்பும் வழியில், கண்மாய்க்கரையோரம் ஒரு வீட்டு வாசலில் அம்மா ஒருவர் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்டோம். சொம்பை நீட்டியவர் எங்கள் முகங்களைப் பார்த்து, “சாப்பிட்டீங்களா?” என்றார். இல்லை என்றோம். சற்றுத் தயங்கினார். பிறகு மெல்லக் கேட்டார்: “எங்க வீட்டுல கை நனைப்பீங்களா தம்பி?”

முதல் நாள் கேட்ட அதே கேள்விதான். இம்முறை அது மறுபக்கத்திலிருந்து வந்தது. அங்கே வாசலில் நின்றவர்கள் நாங்கள்; இங்கே தம் வீட்டு வாசலிலேயே நின்று அவர் எங்கள் தீர்ப்புக்குக் காத்திருந்தார்.

ரேஷன் அரிசிச் சோறு, கருவாட்டுக் குழம்பு, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். குதிரைவாலிச் சோறு கிடைக்குமா என்று பட்டணத்து ஆசையில் கேட்டதற்குச் சிரித்தார். “அதெல்லாம் இப்ப உங்க ஊர்க் கடையிலதான் வெலைக்கு விக்கிதாம்ல.” சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளைக் கழுவ எழுந்தோம். அவர் விடவில்லை. இருந்தும் எங்களில் ஒருவர் பிடிவாதமாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

பிரான்சு நண்பருக்கு: தங்குவதற்கு அருப்புக்கோட்டை விடுதிகள் போதும். இரவுக்குப் புரோட்டா. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வாருங்கள், அப்போது கண்மாய்களில் தண்ணீர் இருக்கும். மிக நன்றாகச் சாப்பிட்ட வீட்டின் முகவரியை மட்டும் எழுதவில்லை. அங்கே அழைத்துப் போகிறோம். அந்த அம்மா கேட்பதற்கு முன், சோறு இருக்கிறதா என்று நாமே கேட்டுவிட வேண்டும்.