கீழக்கரையில் ஒரு கடலோரப் பந்தி

"பறவை பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா? நம்ம மொட்டை மாடியிலே காக்கா, புறா இல்லையா?" என்று கேட்டார் என் மாமியார்.

நியாயமான கேள்விதான். ஆனால் உண்மையைச் சொல்லி விடுகிறேன், சகோதரிகளே! நான் பறவை பார்க்கக் கிளம்பவில்லை. கல்லூரி விடுதியில் என் அறைத் தோழியாக இருந்தவள் கீழக்கரைப் பெண். "பெருநாள் கழிஞ்ச வாரம் பிள்ளைகளோட வாடி. அவரும் துபாய்லேருந்து வந்திருக்கார். நாலு நாளிலே திரும்பிடுவார். என் தம்பி பிள்ளைகளுக்குப் பறவை காட்டுறேன்னு சொல்றான்" என்று கூப்பிட்டிருந்தாள். அவ்வளவுதான்.

மதுரையிலிருந்து ராமநாதபுரம். ஊரை ஒட்டியே சக்கரக்கோட்டைக் கண்மாய் இருக்கிறது. 2012-ல் இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2025-ல் உலகின் முக்கிய ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்து விட்டது. ராம்சர் என்பது ஈரானில் ஓர் ஊர். நீர்நிலைகளைக் காப்பது என்று 1971-ல் பல நாடுகள் அங்கே கூடி ஒப்பந்தம் செய்து கொண்டன. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்தால் நாரைகள் வந்து மரங்களில் கூடு கட்டும். நாங்கள் போனதோ பங்குனி. தண்ணீர் வற்றிக் கிடந்தது. "பறவையே இல்லையேம்மா!" என்றான் பையன். எனக்கும் சப்பென்று போய் விட்டது.

அங்கிருந்து அரைமணிப் பயணத்துக்குக் கொஞ்சம் கூட. கீழக்கரை வந்து விட்டது. முத்தும் சங்கும் கப்பல் ஏறிப் போன பழைய துறைமுகம். உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியின் ஊர். இன்றைக்கும் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்று சொல்லும்படியான ஊர். தெருவில் நடக்கும்போதே கடல்காற்று முகத்தில் உப்பைத் தடவி விடுகிறது.

தோழியின் உம்மா வாசலிலேயே என் பையனைப் பிடித்துக் கொண்டார். "புள்ளை ஏம்மா இப்படி ஒல்லியா இருக்கான்? சாப்பிட மாட்டானா?"

"சாப்பிட ஒரு மணி நேரம் ஆக்குவான்மா. ஸ்கூல் வேன் வந்துடும். பாதியிலே எழுப்பித்தான் அனுப்புறேன்" என்றேன்.

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஓலைப் பெட்டியைத் திறந்து, கறுப்பாக மினுமினுத்த தொதலில் ஒரு துண்டு எடுத்து அவன் கையில் வைத்தார். தேங்காய்ப்பாலும் வெல்லமும் அரிசி மாவும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுகிற பண்டம். பையன் இரண்டாவது துண்டு கேட்டான்!

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கே தோழியின் தம்பி ஆட்டோவோடு வந்து விட்டார். ஏர்வாடிப் பக்கமாகக் கொஞ்ச தூரம் போய், கடல்நீர் ஏறி இறங்கும் ஒரு சேற்று வெளியின் ஓரத்தில் இறங்கினோம். கடல் வற்றியிருந்தது. முதலில் எனக்குச் சேறுதான் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் அந்தச் சேறே நகர்கிறது! அத்தனையும் பறவைகள்.

தம்பி பைனாகுலரைக் கொடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். சிட்டுக்குருவி அளவில் தையல் மெஷின் ஊசி போல் குத்திக் குத்தி எடுப்பது கொசு உள்ளான். சிவப்புக் காலோடு நிற்பது பவளக்காலி. கூழாங்கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பது கல்திருப்பி உள்ளான். நாலு எட்டு ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்துக் கொத்தி மறுபடி ஓடுவது உப்புக்கொத்தி.

"அந்த உப்புக்கொத்தி மார்பைப் பாருங்க அக்கா. மார்கழியிலே வெளுத்துப் போய் இருந்துச்சு. இப்போ செங்கல் நிறம் வந்திடுச்சு பாருங்க. ஊருக்குப் போகிற நேரம். கல்யாணப் புடவை கட்டிக்கிட்டாச்சு!" என்றார்.

"எந்த ஊருக்கு மாமா?" என்றாள் என் சின்னவள்.

அந்த உப்புக்கொத்திகள் இமயமலைக்கு அப்பால் மத்திய ஆசியாவின் மேட்டு நிலங்களுக்குப் போகின்றன. கொசு உள்ளான்கள் ரஷ்யாவின் வடகோடிக்கு, ஆர்க்டிக் பனி உருகும் சதுப்புகளுக்கு. அங்கேதான் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். ஆவணி, புரட்டாசி வாக்கிலிருந்தே திரும்பி இங்கே வரத் தொடங்கும். கொசு உள்ளானின் எடை சாதாரணமாக 25 கிராம் அளவுதான். ஒரு கைப்பிடி உளுந்தே அதைவிடக் கனம்!

வழியில் சாப்பாட்டுக்கு என்ன செய்யும்? நான் கேட்ட கேள்வி இதுதான். பின்னே, ஒரு பெண் வேறென்ன கேட்பாள்? தம்பி சிரித்தார். "கட்டுச்சோறு உடம்புக்குள்ளேயே இருக்கு அக்கா." மாசி, பங்குனியில் சேற்றிலுள்ள புழு, சின்ன இறால், சிப்பிப் பூச்சிகளைத் தின்று தின்று தோலுக்கடியில் கொழுப்பைச் சேர்த்துக் கொள்கின்றனவாம். சில இனங்களின் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகி விடும். அந்தக் கொழுப்புதான் வழிக்கு எண்ணெய். 2022-ல் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவையின் ஐந்து மாதக் குஞ்சு ஒன்று, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவு வரை 11 நாள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்தது. அதன் உடம்பில் பொருத்தியிருந்த கருவி சொன்ன கணக்கு இது.

இந்தக் கரையின் பறவைகளை 1980-களிலேயே மண்டபம் பக்கம் தங்கி ஆராய்ந்தவர் டாக்டர் எஸ். பாலச்சந்திரன். 1883-ல் தொடங்கிய மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்தவர். பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, எடை பார்த்து விடுவித்து, அவற்றின் போக்குவரத்தைக் கண்டறிகிற வேலை.

இதெல்லாம் கேட்டுக் கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. என் பையன் "ஹோ!" என்று கத்திக் கைதட்டிக் கொண்டே சேற்றில் ஓடினான். அத்தனை பறவைகளும் ஒரே வீச்சாக எழும்பின. ஒரு பக்கம் திரும்பினால் வெள்ளை, மறுபக்கம் திரும்பினால் சாம்பல். என்ன அழகு! நானும் வெட்கமில்லாமல் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தேன். "இன்னொரு தடவை ஓடுடா!" என்றுகூடச் சொல்லி விட்டேன்.

அப்போது தண்ணீரிலிருந்து வலைப்பையோடு ஏறி வந்தார் ஒரு வயதான அம்மாள். பாசி எடுக்கிறவர். நோன்பு நாளில் காய்ச்சும் கடல்பாசிக்கு மூலமான பாசியை, இந்தக் கரைப் பெண்கள்தான் முங்கி முங்கி எடுக்கிறார்கள்.

"ஏப்பா தம்பி, தின்னுக்கிட்டு இருக்கிறதை எழுப்பாதப்பா. பாவம்" என்றார். கோபமில்லை. பந்தியில் சொல்வது போலச் சொன்னார். பையை மாற்றிப் பிடித்துக் கொண்டு போய் விட்டார்.

எனக்கு முகம் சுருங்கி விட்டது. இலையில் உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது என்று பாட்டி சொல்லி வளர்ந்தவள்தானே நான்!

தம்பி பிறகு விளக்கினார். கடல் வற்றியிருக்கும் சில மணி நேரம்தான் அவற்றுக்குப் பந்தி. நீர் ஏறினால் இலை மூடி விடும். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் சேர்த்த கொழுப்பு கொஞ்சம் எரிகிறது. நாளைக்குப் பத்துப் பேர் இப்படி விரட்டினால் உரிய நாளில் வயிறு நிறையாது. புறப்படத் தாமதமாகும், இல்லாவிட்டால் அரைகுறையாகப் புறப்பட்டு வழியில் விழும். வடகோடியில் கோடைக்காலம் மிகக் குறுகியது. தாமதமாய்ப் போனால் அந்த வருஷம் குஞ்சு இல்லை.

விரட்டுவது ஒரு பக்கம். பந்தி போடும் இடமே போய் விட்டால்? ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகள் உண்டு. 1986-ல் தேசியக் கடல் பூங்கா ஆனவை. கீழக்கரைத் தீவுக் கூட்டத்தில் பூவரசன்பட்டி என்று ஒன்று இருந்தது. சுற்றியிருந்த பவளப்பாறையைப் பல காலம் வெட்டி எடுத்ததில், அரண் இழந்து கடலுக்குள் போய் விட்டது. நல்ல செய்தியும் உண்டு. பூநாரைகள் வரும் தனுஷ்கோடியை 2025 ஜூனில் தமிழக அரசு சரணாலயமாக அறிவித்தது.

நீங்களும் போவதென்றால் சில குறிப்புகள்:

கடல் எப்போது வற்றும் என்று உள்ளூர் மீனவரிடம் முன்கூட்டியே கேட்டுக் கொள்ளுங்கள். பளிச்சென்ற உடை வேண்டாம். மண் நிறம் நல்லது. கரையோரமாகவே நில்லுங்கள். பறவை தின்பதை நிறுத்தித் தலை தூக்கினால், "நெருங்கி விட்டாய்" என்று அர்த்தம், இரண்டடி பின்வாங்குங்கள். குழந்தைகளுக்குத் தொப்பியும், எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீரும், டப்பாவில் இட்லியும் போதும். பாலிதீன் பை ஒன்றுகூடக் கரையில் விழ வேண்டாம். நாயைக் கூட்டிப் போகாதீர்கள். தீவுகளுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது.

அன்றிரவு தோழியின் வீட்டில் அவள் கணவருக்குப் பயண விருந்து. பாதிச் சாப்பாட்டில் அவருடைய போன் அடித்தது. எடுக்கப் போனவரை உம்மா கையமர்த்தினார். "பயணம் போற புள்ளை. முதல்ல வயிறு நிறையட்டும். போன் எங்கேயும் ஓடிடாது." என் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் இலையைப் பார்த்துக் கொண்டேன்.

ஊர் திரும்பியதிலிருந்து அவனை அரைமணி முன்னதாகவே எழுப்பி விடுகிறேன். தூக்கத்திலிருந்துதான்; தட்டிலிருந்து இல்லை! மெதுவாகத்தான் சாப்பிடுகிறான். ஆனால் முழுசாகச் சாப்பிட்டு முடிக்கிறான்.