பத்துக்குப் பத்து ரூமும் வைட் லென்ஸும்

கொஞ்சம் நீளமான இழை. ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ஸில் வரும்போது நிதானமாகப் படியுங்கள்.

1/ சுகர், பிபி, தடுப்பூசி பற்றி எழுதும் பக்கம்தான் இது. ஆனால் நடுவில் நான் போடும் படங்களைப் பார்த்துவிட்டு இன்பாக்ஸில் அடிக்கடி வரும் கேள்வி: "டாக்டர், மிரர்லெஸ் கேமராவுக்கு விலை குறைவா ஒரு வைட் லென்ஸ் சொல்லுங்க." கேட்பவர்களில் பலர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் வேலை பார்க்கும் தம்பிகள். வாரம் முழுக்க ஷிஃப்ட், ஞாயிறு மட்டும் கேமரா. சிலருக்குப் பொழுதுபோக்கு. சிலருக்குக் காதுகுத்து, வளைகாப்பு, வாடகை வீட்டு விளம்பரம் என்று கையில் நாலு காசு தரும் இரண்டாவது தொழில். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கும் பொருள் என்பதால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

2/ முதலில் வரும் சந்தேகம்: "போன்லயே அல்ட்ரா வைட் இருக்கே?" உண்மைதான். 2020-ல் நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலேயே அசெம்பிள் ஆன ஐபோன் 11-ல்கூட, ஃபுல் ஃபிரேம் கணக்கில் 13 மி.மீ. வரும் அல்ட்ரா வைட் உண்டு. பகல் வெளிச்சத்தில் அது போதும். ஆனால் மிரர்லெஸ்ஸில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சரின் பரப்பு சுமார் 367 சதுர மி.மீ. பெரும்பாலான போன்களின் அல்ட்ரா வைட் சென்சர் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. டியூப்லைட் ரூம், மண்டப உள்பக்கம், ராத்திரி ரோடு என்று போனால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

3/ சரி, ஏன் மேனுவல் ஃபோகஸ்? மோட்டார் இல்லை, அதனால் விலை குறைவு. அதைவிட முக்கியமான காரணம், வைட் லென்ஸுக்கு ஆட்டோஃபோகஸ் அவ்வளவாகத் தேவையே இல்லை. ஏபிஎஸ்-சி கேமராவில் 12 மி.மீ. லென்ஸை எஃப்/5.6-ல் வைத்து, ஃபோகஸ் வளையத்தை 1.3 மீட்டருக்குத் திருப்பிவிட்டால், சுமார் 65 செ.மீ. தூரத்திலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் போதுமான தெளிவில் இருக்கும். எஃப்/8 வைத்தால் 90 செ.மீ.-க்குத் திருப்பினாலே போதும், 45 செ.மீ.-லிருந்து தெளிவு. இதை ஹைப்பர்ஃபோகல் என்பார்கள். வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் அன்றைக்கு முழுக்கத் தொடவே வேண்டாம்.

ஆனால் எஃப்/2-ல் திறந்து வைத்தால் கணக்கு மாறும். அப்போது ஹைப்பர்ஃபோகல் 3.6 மீட்டர். 1.8 மீட்டருக்குக் கிட்டே இருப்பது மங்கிவிடும். வெளிச்சம் குறைந்த இடத்தில்தான் உங்கள் கண்ணுக்கு வேலை.

4/ கண் என்று சொன்னதும் டாக்டர் புத்தி வந்துவிடுகிறது. நம் கண்ணின் ஃபோகஸ் சக்தி மொத்தம் சுமார் 60 டயாப்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு முன்பக்கக் கார்னியாவுடையது, அது நிலையானது. உள்ளே இருக்கும் லென்ஸ்தான் வளைந்து நிமிர்ந்து ஆட்டோஃபோகஸ் செய்கிறது. நாற்பது வயதைத் தாண்டினால் அது இறுகிப்போய் வளையாது. அதுதான் வெள்ளெழுத்து. நம்ம வீட்டுப் பெரியவங்க சாளேஸ்வரம்னு சொல்வாங்க.

வெள்ளெழுத்து வந்தவர்களும் மேனுவல் லென்ஸ் தாராளமாகப் பயன்படுத்தலாம். வியூஃபைண்டர் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அது டயாப்டர் சக்கரம். மெனுவைத் திறந்து, அதிலுள்ள எழுத்து கூர்மையாகத் தெரியும்வரை திருப்புங்கள். வெளியே இருக்கும் காட்சியைப் பார்த்துத் திருப்பக் கூடாது, லென்ஸ் ஃபோகஸ் தவறியிருந்தால் குழம்பிவிடும். பிறகு ஃபோகஸ் பீக்கிங்கையும் உருப்பெருக்கத்தையும் ஆன் செய்துகொள்ளுங்கள். பீக்கிங்கை மட்டும் நம்ப வேண்டாம். வைட் லென்ஸில் அது எல்லாவற்றையும் கலர் அடித்துக் காட்டும்.

5/ இப்போது லென்ஸ்கள். விலை வரிசையில், குறைவிலிருந்து.

7ஆர்ட்டிசான்ஸ் 12 மி.மீ. எஃப்/2.8: சீனத் தயாரிப்பு, உலோக உடல். பழைய மாடலில் முன் கண்ணாடி குமிழ் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும், நேரடியாக ஃபில்டர் மாட்ட முடியாது. பழகிப் பார்க்க நல்லது.

சம்யாங் 12 மி.மீ. எஃப்/2: கொரிய கம்பெனி, 2014-ல் வந்தது. ரோகினான் என்ற பெயரிலும் கிடைக்கும். சுமார் 245 கிராம், 67 மி.மீ. ஃபில்டர், 20 செ.மீ. வரை கிட்டே போகலாம். இந்த வரிசையில் ஏபிஎஸ்-சிக்கு அதிக வெளிச்சம் வாங்குவது இதுதான். ஜவ்வாது மலை காவலூர்ப் பக்கம் போய் நட்சத்திரம் எடுப்பவர்களுக்குப் பிடித்த லென்ஸ். ஒரகடத்தில் அந்த ஆசை வேண்டாம், கம்பெனி லைட்டில் வானமே ஆரஞ்சு.

லாவா 9 மி.மீ. எஃப்/2.8 ஸீரோ-டி: சீனத்து வீனஸ் ஆப்டிக்ஸ் செய்வது. சுமார் 215 கிராம், 49 மி.மீ. ஃபில்டர், 12 செ.மீ. வரை கிட்டே. சட்டைப் பையில் வைக்கலாம். நேர்கோடு நேராகவே வரும்.

ஃபுல் ஃபிரேம்காரர்களுக்கு இரண்டு. லாவா 15 மி.மீ. எஃப்/2: வெளிச்சம் அதிகம், ஆனால் அரை கிலோ கனம். ஜப்பான் கோசினா கம்பெனி செய்யும் வோய்க்ட்லாண்டர் 15 மி.மீ. எஃப்/4.5: சின்னது, கையில் ஃபோகஸ் திருப்பும் சுகமே தனி. சோனி மாடலில் மின் இணைப்பு இருப்பதால் எந்த அபெர்ச்சரில் எடுத்தீர்கள் என்பதும் படத்தில் பதிவாகும்.

ஒரு எச்சரிக்கை. 7.5 மி.மீ., 11 மி.மீ. என்று விலை குறைவாகச் சிலது கண்ணில் படும். பெயரில் "ஃபிஷ்ஐ" இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சுவர் எல்லாம் வில்லாக வளையும். வீடு எடுக்க உதவாது.

6/ 12-ஆ, 9-ஆ? இங்கேதான் முக்கியமான விஷயம்.

ஏபிஎஸ்-சியில் 12 மி.மீ. லென்ஸின் கிடைமட்டக் கோணம் சுமார் 89 டிகிரி. ரூமின் மூலை 90 டிகிரி. அதாவது மூலையில் முதுகை ஒட்டி நின்றால் இரண்டு பக்கச் சுவரும் சரியாக வந்து முடியும். 9 மி.மீ. லென்ஸுக்கு 105 டிகிரி. கேமராவோடு வரும் கிட் லென்ஸின் 16 மி.மீ.-க்கு 73 டிகிரிதான்.

"அப்ப 9 தானே நல்லது?" அவசரப்படாதீங்க. ஒரே இடத்தில் நின்று எடுத்தால், 16-ல் தெரிவதோடு ஒப்பிட்டால் 9-ல் எதிர்ச் சுவர் பாதியைவிடக் கொஞ்சம்தான் பெரிதாகத் தெரியும். சுவர் சிறுத்தால், தூரமாக இருப்பதாக நம் மூளை எடுத்துக்கொள்ளும். காலடித் தரையோ பரந்து விரியும். சின்ன ரூம் ஹால் ஆகிவிடும்.

7/ இது வெறும் போட்டோ சமாச்சாரம் இல்லை. மூன்று வாரமாக இருமல் என்று ஒரு பொண்ணு வந்தாள். தென் மாவட்டம், இங்கே லைனில் வேலை. வழக்கமாகக் கேட்கும் கேள்விதான், "ரூம்ல எத்தனை பேர்ம்மா?"

"ஆறு பேர் சார்."

"எவ்ளோ பெரிய ரூம்?"

"போட்டோல ஹால் மாதிரி இருந்துச்சு சார். ஊர்ல இருந்தே அட்வான்ஸ் அனுப்பிட்டோம். வந்து பார்த்தா, எல்லாரும் பாய் போட்டா கதவைத் திறக்க முடியல."

அந்தப் போட்டோ அவள் போனிலேயே இருந்தது. ஓரத்தில் ஒரு வட்ட வாளி முட்டை வடிவத்தில் இழுபட்டிருந்தது. தரையில் இரண்டடி டைல்ஸ். எண்ணினோம். அந்தப் பக்கம் ஐந்து, இந்தப் பக்கம் ஐந்து. பத்துக்குப் பத்து. ஒரே ஜன்னல்.

அவளுக்குச் சளிப் பரிசோதனை செய்தோம், டிபி இல்லை. ஆனால் காற்றில் பரவும் நோய் ஒன்று அந்த ரூமில் ஒருத்திக்கு வந்தால் மற்ற ஐந்து பேருக்கும் வர எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். இதை மறக்காதீர்கள்.

8/ வாளி ஏன் இழுபட்டது? லென்ஸ் மட்டம் என்பதால் இல்லை. நேர்கோட்டை நேராகக் காட்டும் எந்த லென்ஸும் ஓரத்தை இழுத்தே ஆகும், அது வடிவக் கணக்கு. மையத்திலிருந்து 45 டிகிரி தள்ளி நிற்பவரின் முகம் கிட்டத்தட்ட 1.4 மடங்கு அகலமாகிவிடும். "ஸீரோ-டி" என்று பெயர் வைத்தாலும் இது போகாது. அதனால் குரூப் போட்டோவில் மாமியாரை ஓரத்தில் நிறுத்தாதீர்கள், அனுபவஸ்தர்கள் சொன்னது.

9/ வாடகை விளம்பரப் படம் எடுக்கும் தம்பிகளே, 12 மி.மீ. போதும். நெஞ்சு உயரத்தில், கேமரா மேலே கீழே சாயாமல் எடுங்கள். கதவும் ஒரு கட்டிலும் ஃபிரேமுக்குள் வரட்டும். படத்தின் கீழே நீளம் அகலம் எழுதுங்கள். ஓனர் முறைப்பார்தான். ஆனால் அட்வான்ஸ் கட்டுவது உங்களைப் போல ஊரை விட்டு வந்த ஒரு பிள்ளை.

ரூம் தேடுபவர்களே, லென்ஸால் சுவரைத் தள்ளிவைக்க முடியும், டைல்ஸ் எண்ணிக்கையை மாற்ற முடியாது. எண்ணுங்கள். டைல்ஸ் ஒரு அடியா இரண்டு அடியா என்று போனில் கேளுங்கள். எத்தனை ஜன்னல், எதிர் எதிராக இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

10/ வாங்கியதும் செய்ய வேண்டியவை. சம்யாங், 7ஆர்ட்டிசான்ஸ், இந்த லாவாக்களில் பொதுவாக மின் இணைப்பு கிடையாது. லென்ஸ் மாட்டவில்லை என்று நினைத்து கேமரா கிளிக் ஆகாது. மெனுவில் "லென்ஸ் இல்லாமல் ஷட்டர்" என்ற வசதியை ஆன் செய்யுங்கள். கேமராவுக்குள் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் ஃபோகல் லெங்த்தை நீங்களே பதியுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு செங்கல் சுவரை நேராக எடுத்து நான்கு மூலையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால் கண்ணாடி விலகியிருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள். வளையத்தைக் கடைசி வரை திருப்பினால் அதுதான் இன்ஃபினிட்டி என்று நம்பாதீர்கள். பல லென்ஸ்கள் அதைத் தாண்டியும் சுற்றும்.

மழைக்காலத்தில் துணிப்பையில் வைத்து பீரோவில் பூட்டாதீர்கள். நம் தோலில் தேமல் வருவது போல லென்ஸுக்கும் பூஞ்சை வரும். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், போதும். அதற்கு மட்டும் என்னிடம் களிம்பு இல்லை.

11/ சுருக்கமாக: ஏபிஎஸ்-சி கேமரா, ஒரே லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் சம்யாங் 12. பழகிப் பார்க்க 7ஆர்ட்டிசான்ஸ். கோயில் கோபுரம், குறுகலான தெரு, பயணம் என்றால் லாவா 9. ஃபுல் ஃபிரேமில் இருட்டுக்கு லாவா 15, தூக்கிக்கொண்டு நடக்க வோய்க்ட்லாண்டர் 15. உங்கள் கேமராவின் மவுன்டுக்கு வருகிறதா என்று முதலில் பாருங்கள். இஎம்ஐ போட்டு வாங்குவதாக இருந்தால், முதலில் ஒரு ஞாயிறு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

உங்கள் கேமரா மாடலைக் கீழே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ரூம் போட்டோவும் அனுப்பலாம், சேர்ந்து டைல்ஸ் எண்ணுவோம்.