பதுளைக் கடைத்தெருவில் ஒரு முதலை பணிஸ்

கோத்தகிரியிலிருந்து அக்கா வந்திருந்தார். பெரியப்பாவின் மூத்த மகள். சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின் பேரில் 1975இல் பெற்றோருடனும் தம்பியுடனும் தலைமன்னாரில் கப்பலேறியவர், ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பிறந்த மண்ணைப் பார்க்க வந்தார். கோயில்களுக்கு அழைத்துச் செல்லலாம் என்று எண்ணியிருந்தேன். "மொதல்ல பேக்கரிக்குப் போவோம் தம்பி" என்றார்.

ஆகவே ஒரு சனிக்கிழமை காலை, பதுளை பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு பேக்கரியில் எங்கள் யாத்திரை தொடங்கிற்று. சர்க்கரை நோய்க்காக எனக்கு மருந்து தரும் வைத்தியர் இப்பக்கத்தை வாசிப்பதில்லை என்பதே என் நம்பிக்கை.

கண்ணாடிப் பெட்டிக்குள் மாலு பாண், சீனிச்சம்பல் பணிஸ், ஜாம் பணிஸ், கிம்புலா பணிஸ். தமிழகத்து வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. அங்கே பிரெட் எனப்படுவதே எங்கள் பாண். போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். மாலு என்றால் சிங்களத்தில் மீன். மீனையும் உருளைக்கிழங்கையும் பிசைந்து உள்ளே வைத்து முக்கோணமாக மடித்துச் சுட்டால் அது மாலு பாண். கிம்புலா என்றால் முதலை. நீண்டு, முனை கூர்ந்து, முதுகெல்லாம் சீனி ஒட்டி, அந்தப் பணிஸ் முதலை போலவே படுத்திருக்கும். இதே பதுளையை 1630இல் எரித்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா ரந்தெனிவெலையில் கொல்லப்பட்டார். அவருடைய படை அழிந்தது. அவர்களுடைய பாண் தங்கிவிட்டது.

அக்கா கிம்புலா பணிஸைப் பார்த்துக்கொண்டே நின்றார், எடுக்கவில்லை. பையைத் திறந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். ஊட்டி வர்க்கி! விறகடுப்பில் மொறுமொறுவென்று சுடப்படும் நீலகிரியின் தின்பண்டம். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. கடைக்காரருக்கு ஒன்றை நீட்டினார். அவர் கடித்துப் பார்த்துவிட்டு, "பிளேன்டியில தொட்டுச் சாப்பிட்டா இன்னும் நல்லாயிருக்கும்" என்றார். அக்கா சிரித்துவிட்டார். அங்கேயும் தேநீரில் தோய்த்துத்தான் தின்கிறார்களாம்.

அடுத்துச் சென்ற இனிப்புக் கடையில் தொதல் நன்று. மஸ்கற் பரவாயில்லை. லட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பசறை வீதியில் முச்சக்கர வண்டி ஏறும்போதுதான் அக்கா பேசத் தொடங்கினார். 1973, 74 ஆகிய ஆண்டுகளை மலையகத்தில் எவரும் மறக்கவில்லை. கோதுமை விளையாத நாடு இது. உலகச் சந்தையில் தானிய விலை ஏறியதும் அரசு பங்கீட்டு அரிசியையும் மாவையும் குறைத்தது. கிராமத்தவர் மரவள்ளி நட்டுத் தப்பினர். தோட்டத் தொழிலாளிக்கு நடுவதற்கு நிலம் ஏது? தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. நகரங்களில் பாணுக்காக விடியுமுன்பே வரிசை நின்றது. எனக்கு அப்போது ஆறு வயது. இரவில் தேங்காய்த் துருவல் இல்லாத ரொட்டியை அம்மா பிய்த்துப் பிய்த்துப் பங்கிட்டதே நினைவிலிருக்கிறது. இந்தியாவுக்குப் போவதா இருப்பதா என்று தயங்கிக்கொண்டிருந்த பெரியப்பாவை முடிவெடுக்க வைத்தது அந்தப் பசிதான்.

அவர்கள் புறப்பட்ட அன்று பதுளை ஸ்டேஷனில் என் தகப்பனார் இரண்டு கிம்புலா பணிஸ் வாங்கிக் கொடுத்தாராம். எனக்குத் தெரியாத செய்தி. கோச்சியில் பெரியம்மா பொட்டலத்தைப் பிரிக்க விடவில்லை. கப்பலிலும் பிரிக்கவில்லை. மண்டபம் முகாமில் பிரித்தபோது கல்லாகிக் கிடந்தன. தண்ணீரில் நனைத்துத் தம்பிக்கு ஊட்டினார்கள். அழுதுகொண்டிருந்த பிள்ளை அதன்பிறகே உறங்கியது.

"நீங்கள்?"

"கையில ஒட்டுன சீனிய நக்குனேன்."

தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயம் அப்படியே இருந்தது. தகரக் கூரை மட்டும் புதிது. இப்போது அங்கிருக்கும் பெண்மணி, யாரென்று கேட்குமுன்பே உட்காரச் சொல்லி, சூடான ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்தார். அக்கா மூன்று ரொட்டி சாப்பிட்டார். அன்று முழுவதும் வேறெதையும் அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

மாலையில் தேயிலைக்கு ஊடாக ஓர் இசை கேட்டது. முச்சக்கர வண்டியில் பணிஸ் விற்கும் 'சூன் பாண்'காரர். இந்த வண்டிகள் ஒலிக்கவிடுவது, பீத்தோவன் 1810இல் எழுதிய 'எலிசாவுக்காக' என்னும் சிறு பியானோ இசை. அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கழிந்தே அது அச்சேறியது. ஊவாவின் லயத்துப் பிள்ளைகளுக்கு அது பணிஸ் வரும் சத்தம். செருப்பில்லாமல் ஓடிவந்தார்கள். காசு கொடுத்தவர்கள் சிலரே. மற்றவர்களின் பெயர்களைச் சம்பள நாள் வரைக்கும் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார் வியாபாரி. அந்தப் பக்கத்துக் கணக்கை நான் தீர்க்க முற்பட்டபோது அக்கா தடுத்துவிட்டுத் தம் பணத்தைக் கொடுத்தார்.

பிறகு இரண்டு கிம்புலா பணிஸ் வாங்கினார். ஒன்றை என்னிடம் தருவார் என எதிர்பார்த்தேன். இரண்டையும் காகிதத்தில் சுற்றிப் பையின் அடியில் வைத்தார்.

"யாருக்கு அக்கா?"

"தம்பிக்குத்தான். கோத்தகிரியில இருக்கானே."

"போய்ச் சேர நாலு நாளாகும். காய்ந்துவிடும்."

"காயட்டும். அவனுக்குத் தெரியும்."