வலிக்கிறதா என்று எப்போது கேட்டோம்?

2024 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நான் அமெரிக்காவில், ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில், என் மகனின் இல்லத்தில் தங்கியிருந்தேன். அம்மாதம் 27 ஆம் நாள் பில் வால்ட்டன் என்னும் புகழ்பெற்ற கூடைப்பந்து வீரர் தமது 71 ஆம் வயதில் காலமானார். 1977 இல் அந்நகரின் டிரெயில் பிளேசர்ஸ் அணிக்கு வெற்றிக்கிண்ணம் ஈட்டித் தந்தவர் அவர். அந்த அணி தன் வரலாற்றில் பெற்றுள்ள ஒரே கிண்ணம் அதுவே. செய்தி வந்த இரவு எங்கள் உணவு மேசையில் வேறு பேச்சே எழவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியனாக இருந்து, பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவன் நான். ஆகவே நானும் செவிசாய்த்தேன்.

வால்ட்டனைப் பற்றித் தொடங்கிய பேச்சு, காயத்தால் கருகிப்போன மற்ற ஆட்டக்காரர்களிடம் தாவிற்று. "இந்த ஊருக்கு நேர்ந்த பேரிழப்பு எது? சாம் போவியா, கிரெக் ஓடனா?" என்று என் மகனும், பதினான்கு வயதுப் பேரனும் வழக்காடத் தொடங்கினார்கள்.

அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கத்தில், புதிதாக வரும் இளைஞர்களை அணிகள் ஆண்டுக்கொரு முறை வரிசைப்படி தேர்ந்தெடுத்துக்கொள்ளும். முந்திய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கே அதில் முன்னுரிமை. 1984 இல் முதலிடம் யாருக்கு என்று நாணயம் சுண்டிப் பார்த்ததில் ஹூஸ்டன் அணி வென்று, ஒலாஜுவானை எடுத்துக்கொண்டது. இரண்டாமிடத்தில் போர்ட்லண்ட் அணி, ஏழடி ஓரங்குல உயரமுள்ள சாம் போவியைத் தெரிந்துகொண்டது. மூன்றாமிடத்தில் சிகாகோ அணிக்குக் கிடைத்தவர் மைக்கேல் ஜோர்டன்! அதன் பிறகு நாற்பது ஆண்டுகளாகப் போவியின் பெயரைச் சொன்னாலே, "ஜோர்டனை விட்டுவிட்டு இவரையா எடுத்தார்கள்?" என்னும் ஏளனமும் உடன் வருகிறது.

"பிழை போவியுடையது அன்று, தேர்ந்தவர்களுடையது" என்றான் என் மகன். "கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் இடக்கால் எலும்பு விரிசல் கண்டு, இரண்டு முழுப் பருவங்கள் ஆடாமல் இருந்தவர் அவர். அந்தக் காலை நம்பலாமா?"

"முதல் ஆண்டில் 76 ஆட்டங்கள் ஆடினாரே, அப்பா!" என்றான் பேரன்.

"அடுத்த நான்கு பருவங்களில்? மொத்தமே 63. அதில் ஒரு பருவம் முழுவதும் களத்தில் கால் வைக்கவே இல்லை."

பேரனின் கட்சி வேறு. 2007 இல் போர்ட்லண்ட் முதலிடத்திலேயே தேர்ந்தெடுத்த கிரெக் ஓடனே பேரிழப்பு என்பது அவன் வாதம். அடுத்த இடத்தில் எடுக்கப்பட்டவர் கெவின் டியூரண்ட். உலகம் போற்றும் வீரராக வளர்ந்துவிட்டவர். ஆனால் அன்று ஓடனைத் தேர்ந்ததைக் குறை சொன்னவர் சிலரே. கல்லூரிப் பருவத்தில் வலது மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதால், இடக்கையாலேயே தண்ட எறிகளை எறிந்து ஆடியவர் அவர். தேசியக் கல்லூரி இறுதிப் போட்டியில் அணி தோற்றபோதும், தனியொருவராக 25 புள்ளிகள் எடுத்தவர். போர்ட்லண்டுக்கு வந்த சில மாதங்களிலேயே வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை. முதல் பருவம் முழுவதும் போயிற்று. பின்னர் 61 ஆட்டங்கள். அதன் பின் 21. 2009 டிசம்பரில் இடது முழங்கால் சில்லு உடைந்தது. அந்த அணிக்காக அவர் மறுபடியும் ஆடவே இல்லை. ஐந்தாண்டுக் காலத்தில் 82 ஆட்டங்கள். அங்கே ஒரு பருவத்துக்குரிய கணக்கே அவ்வளவுதான்.

வாதம் முற்றி, இருவரும் என் தீர்ப்பைக் கேட்டார்கள். எலும்பையும் குருத்தெலும்பையும் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஓடியும் குதித்தும் ஆடும்போது எலும்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு சிதைவுகள் உண்டாகின்றன. ஓய்வு கிடைத்தால் உடலே அவற்றைச் செப்பனிட்டுக்கொள்ளும். செப்பனிடுமுன் மேலும் மேலும் சுமையேற்றினால் சிதைவு விரிசலாகும்; விரிசல் முறிவாகும். முழங்காலில் மெத்தைபோல் அமைந்துள்ள குருத்தெலும்புக்கோ இரத்த நாளங்களே இல்லை. ஆதலால் தேய்ந்தது தானே வளர்வதில்லை. ஓடனுக்குச் செய்தது போன்ற சிகிச்சையில், அடியிலுள்ள எலும்பில் நுண்ணிய துளைகளிட்டு, கசியும் குருதியிலிருந்து ஒரு புதிய திசுவை உண்டாக்க முயல்வர். அது பழையதற்கு ஈடாகாது. "இதில் அந்தப் பையன் செய்த குற்றம் என்ன?" என்று முடித்தேன்.

அப்போது என் மகன் ஒரு செய்தியைச் சொன்னான். 2012 இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தில் போவி தாமே அதனைச் சொல்லியிருக்கிறாராம். தேர்வுக்கு முன் போர்ட்லண்ட் அணியின் மருத்துவர்கள் நெடுநேரம் அவரைச் சோதித்தார்கள். சிறு சுத்தியலால் காலைத் தட்டி, உணர்ச்சி எப்படி என்று வினவியபோது, ஒன்றுமில்லை என்று அவர் விடையளித்தார். உள்ளுக்குள்ளோ வலித்துக்கொண்டிருந்தது.

கையில் எடுத்த சோற்றை நான் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

1986 இல் எங்கள் பள்ளி அணி மாவட்ட இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றது. எங்கள் நம்பிக்கையெல்லாம் பதினாறு வயது மாணவன் ஒருவன் மேல். ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. பந்தைக் கையில் எடுத்தால் எதிரணியினர் திகைத்து நிற்பர். விளையாட்டு ஒதுக்கீட்டில் அவனுக்குக் கல்லூரியில் இடம் உறுதி என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். போட்டி நாளன்று காலையில் அவன் படியிறங்கும்போது வலக்காலை மெல்ல ஊன்றி, இடக்காலில் பாரத்தைத் தாங்கியதைக் கண்டேன். "என்னடா, வலிக்கிறதா?" என்று கேட்டேன். "இல்லை, சார்" என்றான். நான் மறுமுறை கேட்கவில்லை. இரண்டாம் பாதியில் அவன் துள்ளி எழுந்து தரையில் இறங்கியபோது கால் எலும்பு முறிந்தது. கிண்ணம் எங்களுக்குக் கிடைத்தது. அவனுக்குக் கிடைத்தது ஆறு மாதக் கட்டு. அந்த ஆண்டு கல்லூரியில் இடம் கேட்கவும் அவனால் போக இயலவில்லை. பிறகு அவன் ஆடவேயில்லை.

இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு திருமண வீட்டில் அவனைக் கண்டேன். லாரி அலுவலகம் ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். கைகூப்பி வணங்கி, தன் பிள்ளைகளை அழைத்து, "இவர்தான் எங்கள் சார்" என்று காட்டினான். நெஞ்சு பொறுக்காமல், "அன்று உனக்கு வலித்ததா?" என்று கேட்டேன். சிரித்தான். "வலித்தது, சார். ஆனால் 'இல்லை' என்று சொல்வேன் என்று நீங்கள் காத்துக்கொண்டிருந்தீர்கள்" என்றான்.

இந்தக் கதையை அன்றுவரை என் மகனுக்கும் நான் சொன்னதில்லை. மேசையில் வெகுநேரம் எவரும் பேசவில்லை.

பிறகு நான் தொடர்ந்தேன். போவி பொய் சொன்னார் என்று பழிப்பது எளிது. அந்தப் பையனின் எதிர்காலம் முழுவதும் அந்த ஒரு விடையில் தொங்கிக்கொண்டிருந்ததை எண்ணிப் பார்க்க வேண்டாமா? வால்ட்டனும் அப்படித்தான். 1978 இல் காலில் வலியைத் தணிக்கும் ஊசி போட்டுக்கொண்டு ஆட்டத்தில் இறங்கினார். பாத எலும்பு முறிந்தது. வலி என்பது நம்மைக் காக்கும் காவலன். காவலனை உறங்கச் செய்துவிட்டுக் களத்தில் இறங்கினால் என்னவாகும்?

'வீணான திறமை' என்று நாம் போடும் கணக்கும் தவறுகிறது. போவி பிற்காலத்தில் வேறு அணிகளில் நன்றாகவே ஆடி, தம் வாழ்நாளில் 511 ஆட்டங்களை நிறைவு செய்தார். புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற வால்ட்டன் ஆடியவை 468! அதிகம் ஆடியவரைத் தோல்வி என்கிறோம். அவருக்கு அடுத்து நின்றவர் ஜோர்டன் என்பதே அவர் செய்த பிழை. அதே போர்ட்லண்டின் பிராண்டன் ராய், குருத்தெலும்பு தேய்ந்த முழங்கால்களோடு 2011 டிசம்பரில், இருபத்தேழு வயதிலேயே ஓய்வை அறிவித்தார். மறுபடி முயன்று ஐந்து ஆட்டங்களோடு நின்றார். பின்பு சியாட்டிலில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் பயிற்சியாளரானார். முதற்பருவத்தில் அவர் பிள்ளைகள் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஓடனும் கல்லூரிக்குத் திரும்பி, 2019 இல் பட்டம் பெற்றார். இவர்கள் நமக்குக் கொடுக்காமல் போனதையே எண்ணிக்கொண்டிருக்கிறோம். நமக்குத் தருவதாக இவர்கள் எந்தக் கடன் சீட்டிலும் கையெழுத்திடவில்லையே!

என் தீர்ப்பு இவ்வளவே என்றேன். எழுந்து கை கழுவப் போனேன். பேரன் பின்னாலேயே வந்தான். குழாயடியில் நின்று தயங்கி, "தாத்தா, எனக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு மாதமாக வலிக்கிறது. சனிக்கிழமை போட்டி இருக்கிறது. பயிற்சியாளர் கேட்டார், இல்லை என்று சொல்லிவிட்டேன்" என்றான்.

மறுநாளே மருத்துவரிடம் சென்றோம். வளரும் பிள்ளைகளுக்கு, அதிலும் மிகுதியாகக் குதித்தாடுவோருக்கு வரும் வலிதான் அது; ஓய்வெடுத்தால் ஆறும் என்று சொல்லி, ஆறு வாரங்கள் ஆடக்கூடாதென்று கட்டளையிட்டார். சனிக்கிழமை நானும் பேரனும் ஓரத்து இருக்கையில் அமர்ந்து அவன் அணி தோற்பதைப் பார்த்தோம். வீடு திரும்பும் வழியெல்லாம் அவன் என்னோடு பேசவில்லை. அந்தக் கோபத்தை நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன்.

அன்பு வாசகர்களே, உங்கள் இல்லத்திலும் ஓடும் பிள்ளை, ஆடும் பிள்ளை, தேர்வுக்கு இரவெல்லாம் கண்விழிக்கும் பிள்ளை இருக்கலாம். வலிக்கிறதா என்று நாம் எல்லோரும் கேட்கத்தான் செய்கிறோம். போட்டி நாள் காலையில், எல்லோரும் காத்திருக்கும்போது கேட்காதீர்கள். எதுவும் நடவாத ஒரு சாதாரண மாலையில், அருகில் அமர்ந்து கேளுங்கள். "ஆம்" என்று அவன் சொன்னால் உங்கள் முகம் வாடாது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கட்டும்.