கடல் மறித்த கருத்தரங்கு

காங்கேசன்துறை, 1964 டிசம்பர் 23

நேற்றிரவு முழுதும் காற்று. சீமெந்துத் தொழிற்சாலைப் பக்கமிருந்து தகரங்கள் கழன்று பறக்கிற சத்தம் விடியுமட்டும் கேட்டது. கிழக்கு வேலி கிடுகோடு சரிந்து கிணற்றடியில் கிடக்கிறது, கூரை தப்பிற்று. வானொலி திருகோணமலையைச் சொல்லுகிறது, மன்னாரைச் சொல்லுகிறது. தனுஷ்கோடியைப் பற்றிப் பேச்சில்லை. மகன் சென்னையிலிருந்து அவ்வழியாய் வரவிருக்கும் அக்காவுக்கு வேண்டியது அந்த ஒரு செய்திதான்.

டிசம்பர் 24

மருமகனுடைய கடைசிக் கடிதத்தை இன்று திரும்பத் திரும்ப வாசித்தாயிற்று. நான்கு பக்கங்களில் மூன்றரைப் பக்கம், சென்ற பெப்ரவரியில் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் அகப்பட்ட ஒமேகா என்னும் துகளைப் பற்றியது. பத்துத் துகள்களை நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று அடுக்கிய கெல்-மான், உச்சியில் வெற்றிடமாய் நின்ற ஒன்றின் நிறை இவ்வளவு இருக்குமென்று 1962இலேயே கணித்துச் சொன்னதும், படிக்குப் படி ஏறக்குறைய 150 மில்லியன் எலெக்ட்ரன் வோல்ட் ஏறும் அந்தக் கணக்குப் பொய்க்காமல் துகள் வந்து வாய்த்ததும், யாரோ ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர் இது குறித்துப் பேச வரவிருப்பதும் எல்லாம் விஸ்தாரமாக எழுதியிருக்கிற பிள்ளை, தான் புறப்படும் நாளை மாத்திரம் "கருத்தரங்கு முடிந்த கையோடு" என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டான்.

"திகதி போடத் தெரியாதவனுக்கு என்ன கணக்கு?" என்கிறா அக்கா.

டிசம்பர் 25

பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைத் தனுஷ்கோடிக்கு அருகே கடல் கொண்டுபோய்விட்டதாம். பத்திரிகையை மடித்துப் பெட்டகத்தின்மேல் வைத்துவிட்டேன். அக்கா கேட்கவில்லை.

டிசம்பர் 27

மருமகனின் தந்தி. "பேச்சு தள்ளிப்போயிற்று. புறப்படவில்லை. சௌக்கியம்."

அக்கா அழுது முடித்து, முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு வந்து, அந்தப் பேச்சாளருக்கு மாவிட்டபுரம் கோவிலில் ஓர் அர்ச்சனை செய்விக்க வேண்டும் என்றா. "பேரும் நட்சத்திரமும் வேணும், தம்பி. எழுதிக் கேள்."

டிசம்பர் 29

மனம் சற்று அடங்கிய இன்றுதான், பிள்ளையை அங்கே கட்டி வைத்திருக்கும் அந்த ஸ்தாபனத்தைப் பற்றி எழுதத் தோன்றுகிறது. அதை உண்டாக்கிய அல்லாடி இராமகிருஷ்ணன், அரசியல் நிர்ணய சபையில் புகழ்பெற்ற அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் புதல்வர். 1957-58இல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிலையத்திலிருந்து, நாள்தோறும் நடக்கும் பிரசங்கங்களும் தர்க்கங்களும் கேட்டு மயங்கித் திரும்பியவர், பல்கலைக்கழகம் ஏதேனும் செய்யட்டும் என்று காத்திராமல், மயிலாப்பூரில் தம் தகப்பனார் வீடாகிய ஏகாம்ர நிவாசத்திலேயே மாணவர்களைக் கூட்டிப் பௌதிகம் பேசத் தொடங்கினார். 1960 ஜனவரியில் வந்த நீல்ஸ் போர் அந்தச் சிறு கூட்டத்தைக் கண்டு, பின்பு பத்திரிகையாளரிடத்தில், பம்பாயின் பெரிய ஆய்வுக்கூடத்தையும் இந்தப் பிள்ளைகளையும் ஒரே மூச்சில் சொல்லிப் பாராட்டியதும், மந்திரி சி. சுப்பிரமணியம் முன்னின்று நேருவிடம் அவர்களை அழைத்துச் சென்றதும், 1962 ஜனவரி 3ஆம் திகதி சிக்காகோ சந்திரசேகர் வந்திருக்கக் கணித விஞ்ஞான நிலையம் திறக்கப்பட்டதும் நேற்று நடந்தவைபோல இருக்கின்றன.

ஆய்வுக் கட்டுரைகள் எனக்குங் கிடைக்கின்றன. ஆனால் கருத்தரங்கிற்போல, தபாலில் வரும் கட்டுரையை எவரும் இடைமறித்துக் கேள்வி கேட்பதில்லை. அச்சில் "எளிதிற் காணலாம்" என்ற இடத்தில் எழுந்து நின்று "எனக்குக் காணவில்லை" என்று சொல்ல ஒருவன் வேண்டும். அந்த நிலையத்தின் மூன்றாம் ஆண்டு நிறைவுக் கருத்தரங்குக்கு, வருகிற ஜனவரியில் போய், ஒரு மூலையில் இருந்து கேட்கத்தான் விடுமுறை எழுதிக் கொடுத்திருந்தேன்.

1965 ஜனவரி 2

மதவாச்சியில் மாறித் தலைமன்னாருக்குப் போவது, கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்குவது என்று எண்ணியிருந்த வழி இனி வழியல்ல. அக்கரையில் இறங்குதுறையே இல்லை. பாம்பன் பாலமும் உடைந்து கிடக்கிறது. பலாலியிலிருந்து ஆகாய விமானம் உண்டு. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து கிளம்பி இங்கே தங்கியல்லவா சென்னைக்குப் போயிற்று! அன்று மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஆனால் உபாத்தியாயரின் சம்பளத்துக்கு விமானம் பார்ப்பதற்குரிய பொருள், ஏறுவதற்குரியதன்று. கடன் பட்டாலும், இந்திய ரூபாய் மாற்றக் கொழும்பின் அனுமதி வேண்டும். எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 5

மயிலிட்டிக் கரைக்குப் போய்வந்தேன். எழுத விருப்பமில்லை.

ஜனவரி 9, சனிக்கிழமை

தொழிற்சாலைப் பொறியியலாளரும் தபாற்கந்தோர் நண்பரும் வழமைபோல் மாலையில் வந்தார்கள். புயற்கதை சலித்துவிட்டது. மேசையில் கிடந்த என் பழைய கொப்பியைப் பொறியியலாளர் புரட்ட, பேராசிரியர் எலியேசரின் பெயரைக் கண்டு, "மலாயாவுக்குப் போனவர்தானே?" என்றார். அவர்தான். யாழ்ப்பாணத்தார்; கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் பயின்றவர்; கொழும்பில் என் ஆசிரியர்.

கரும்பலகையை விறாந்தைக்குத் தூக்கி வந்தேன். வேகம் மாறும் மின்னூட்டம் ஒளியாய்ச் சக்தியை இழக்கும். ஆகையால் பழைய பௌதிகத்தின்படி எலெக்ட்ரன் சுழன்று சுழன்று கருவுக்குள் விழவேண்டும் என்பது பாடசாலைப் பிள்ளைகளும் ஒப்பிக்கும் பாடம். 1938இல் டிராக், எலெக்ட்ரன் விடும் கதிர்வீச்சே அதைத் திருப்பித் தாக்குவதையுங் கணக்கிற் சேர்த்து ஓர் இயக்கச் சமன்பாடு எழுதினார். அந்தச் சமன்பாட்டை 1943இல் கையிலெடுத்த எலியேசர், நேர்கோட்டில் புரோட்டனை நோக்கி வரும் எலெக்ட்ரன் அதை ஒருபோதும் தொடுவதில்லை, இழுக்கும் விசை இழுத்துக்கொண்டிருக்கும்போதே வழியில் நின்று, திரும்பி, மேலும் மேலும் வேகம் பெற்று ஓடிவிடும் என்று காட்டினார். இயற்கை அப்படி நடப்பதாக அவர் சொல்லவில்லை. சமன்பாட்டை நம்பினால் இதையும் நம்பவேண்டிவரும் என்றார். ஒரு கொள்கையை அதன் சொந்த வாயாலேயே பேசவைக்கும் இந்த முறைக்கு நான் என்றும் அடிமை.

தேத்தண்ணி கொண்டுவந்த அக்கா நிலைக்கதவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவ, "திரும்பி ஓடுறது எவ்விடம் போய் நிக்கும்?" என்றா.

"நிக்காது, அக்கா. ஒளியின் வேகத்தை எட்ட எட்டப் போய்க்கொண்டே இருக்கும்."

"அப்ப ஓடுறதுக்குச் சத்து ஆர் குடுக்கிறது?"

பொறியியலாளர் சிரித்தார்; பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். நான் வெண்கட்டியோடு நின்றேன். எலெக்ட்ரனைச் சூழ்ந்த புலத்திலிருந்து என்று சொல்லலாம். அது அவவுக்கு விடையாகாது, எனக்கும் முழுதாய் ஆகவில்லை. அதற்குள் தபாற்கந்தோர்க்காரர், "நேர்கோட்டில் வந்தால் சரி, கொஞ்சம் விலகி வந்தால்?" என்று கேட்டுவைத்தார். சமன்பாடோ மூன்றாம் வரிசை வகையீடு. விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் நேரமாகியும் ஒருவரும் எழும்பவில்லை.

ஜனவரி 12

விலகி வரும் வழியைப் போட்டுப் பார்க்கிறேன். இரவு கொஞ்சம் எரிச்சல், காலையில் கொஞ்சம் நம்பிக்கை. பொங்கலுக்கு வேலி அடைக்க ஆள் வரவில்லை.

ஜனவரி 16

மருமகனின் கடிதம் வந்தது: பேச்சாளரின் பெயர் இருக்கிறது, நட்சத்திரம் இல்லை. நட்சத்திரம் தெரியாவிட்டால் கோத்திரமாவது எழுதட்டும் என்று அக்கா பிடிவாதம். கொழும்பிலிருந்தும் ஒரு கடிதம். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறதாம். மாலையில் நண்பர்கள் வருமுன் என் கணக்கின் மூன்றாம் பக்கத்தைத் திருத்தவேண்டும். கோண உந்தத்தை நான் எழுதிய விதத்தில் தபாற்கந்தோர்க்காரர் நிச்சயம் பிடித்துக்கொள்வார். பொறியியலாளர் தொழிற்சாலையிலிருந்து இன்னொருவரையும் கூட்டிவரலாமா என்று கேட்டு ஆளனுப்பியிருக்கிறார். கதிரை போதாது.