மணிக்கட்டு

நெடுந்தூர ஓட்டப் பயிற்சியில் இரண்டு கட்சிகள். செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஜாடபெக் 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப வேகமாக ஓடிப் பழகியவர். 1952 ஹெல்சிங்கியில் மூன்று தங்கம். நியூஸிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் வாரத்துக்கு 100 மைல் சீராக ஓடவைத்தார்; 1960 ரோமில் அவருடைய சீடர்களில் ஸ்னெல் 800 மீட்டரிலும் ஹால்பர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் பெற்றார்கள். பதக்கம்தான் சாட்சி என்றால் இரண்டு முறையும் சரி. ஒரு நல்ல கவிதையைக் காட்டிக் கோட்பாட்டை நிலைநாட்டும் நம் விமர்சன வழக்கமும் இதுதான்.

முறை முறித்துப்போட்டவர்கள் கணக்கில் வருவதில்லை. என் தம்பி தரங்கம்பாடிக் கடற்கரை மணலில் தன்போக்கில் ஓடிக்கொண்டிருந்தவன். கல்லூரியில் ஒரு பயிற்சியாளர் வாரத்தில் ஆறு நாளும் 400 மீட்டர் விரட்டினார். ஐந்தாம் மாதம் கணுக்காலுக்கு மேலே எலும்பில் விரிசல். ஓட்டம் வாங்கித் தந்திருக்கக்கூடிய வேலையும் அதோடு போயிற்று.

புதுக்கோட்டையின் கோவிந்தன் லட்சுமணன் 2017இல் புவனேஸ்வரத்தில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் ஆசியத் தங்கம் வென்றார். அவருடைய அட்டவணை கிடைத்தால் அதையும் எல்லார் தலையிலும் கட்டிவிடுவோம்.

விட்டுவிட்டு ஓடும் முறையை 1930களிலேயே வகுத்த ஜெர்மானியர் கெர்ஷ்லர், நாடித்துடிப்பு 180லிருந்து 120க்கு இறங்கிய பிறகே அடுத்த ஓட்டம் என்றார். ஒன்றரை நிமிஷத்தில் இறங்கவில்லையென்றால் சுமை அதிகம். இருதயம் வலுப்பெறுவது ஓட்டத்தில் அல்ல, இடைவேளையில் என்பது அவர் கட்சி. அந்த முறையின் பெயரால் விரட்டப்பட்ட என் தம்பியின் மணிக்கட்டை ஒரு நாளும் யாரும் பிடித்துப் பார்க்கவில்லை.