நல்ல நாளில் எழுதிய சொல்

நுழையும்முன்

கல்லூரிப் பருவத்தில் மாணவர்கள் கோடை விடுமுறையின் சில வாரங்களை ஒரு தொழிலகத்தில் செலவிட்டு, அத்தொழிலை அருகிருந்து கற்பதே உள்ளகப் பயிற்சி. காப்பீட்டுத் தரகு நிறுவனம் ஒன்றில் அத்தகைய பயிற்சி பெற்ற மாணவி ஒருவரின் பட்டறிவை இக்கட்டுரை விளக்குகிறது.

மொய்யும் காப்பீடும்

துன்பம் வருமுன் அதற்கு வழி தேடிவைப்பது தமிழர் வாழ்வில் ஊறிய அறிவு. மழையில்லாக் காலத்திற்கு ஏரியும், விளைச்சலில்லாக் காலத்திற்குக் குதிரும் அவ்வறிவால் தோன்றியவையே. தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணிப் பகுதியில் நடைபெறும் மொய்விருந்தையும் அவ்வரிசையில் வைக்கலாம். பணத்தேவை உள்ளவர் விருந்து வைப்பார். உற்றாரும் ஊராரும் மொய் எழுதுவர். வாங்கியவர், எழுதியவரின் விருந்து வரும்போது அதைத் திருப்பிச் செய்வார். ஒருவரின் சுமையைப் பலர் தாங்கும் ஏற்பாடு அது.

அம்மாணவி பிறந்து வளர்ந்தது அப்பகுதியில்தான். தென்னையே அவ்வூரின் வாழ்வு. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிய கடற்கரையைக் கடந்தபோது அவர் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தார். விடிந்தபோது தந்தையின் தோப்பில் பெரும்பாலான மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. தென்னங்கன்று நட்டுக் காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். அந்த மரங்களுக்குக் காப்பீடு இல்லை. மொய்விருந்து வைக்கவும் வழியில்லை. மொய் எழுத வேண்டிய கைகள் அனைத்தும் அன்றிரவே வெறுங்கைகளாகிவிட்டன. ஓர் ஊர் முழுவதும் ஒரே நாளில் வீழ்ந்தால், அவ்வூருக்குள்ளேயே தாங்குவார் இலர் என்னும் உண்மையை அவர் அன்று கண்டார். அதற்குரிய விடையைப் பிற்காலத்தில்தான் அறிந்தார்.

காபிக் கடையில் வளர்ந்த தொழில்

திருச்சிராப்பள்ளியில் இளங்கலை வணிகவியல் இரண்டாம் ஆண்டு முடித்த கோடையில், சென்னையிலுள்ள ஒரு காப்பீட்டுத் தரகு நிறுவனத்தில் ஆறு வாரப் பயிற்சி அவருக்குக் கிடைத்தது. முதல் வாரம் முழுவதும் படிப்பதே பணியாயிற்று.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் எட்வர்டு லாயிட் என்பவர் நடத்திய காபிக் கடையில் கப்பல் தலைவர்களும் வணிகர்களும் கூடுவர். கடலில் செல்லும் கப்பலுக்குக் காப்பு வேண்டுவோரின் விவரத்தைத் தரகர் ஒரு தாளில் எழுதி, செல்வர்களிடம் கொண்டு செல்வார். இழப்பில் எவ்வளவு பங்கை ஏற்பது என்று குறித்து ஒவ்வொருவரும் அத்தாளின் கீழே கையொப்பமிடுவர். ஒரு கப்பல் மூழ்கினால் அவ்விழப்பு பலரிடையே பகிரப்படும். எவரும் முழுதாக அழியமாட்டார்.

சிறுவயதில் தோன்றிய வினாவுக்கு இங்கே விடை இருந்தது. சுமையைத் தாங்குவோர் பலராக இருந்தால் மட்டும் போதாது. அவர்கள் பல இடங்களில் பரந்தும் இருக்க வேண்டும். ஒரு கரையில் வீசும் புயலுக்கு வேறு கரைகளில் இருப்போரும் கைகொடுக்க வேண்டும். அவ்வகையில் காப்பீடு என்பது உலகளாவ விரிந்த மொய் எனலாம்.

முகவரும் தரகரும்

இந்தியாவில் 1818ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஓரியண்டல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1956இல் ஆயுள் காப்பீடும், 1973இன் தொடக்கத்தில் பொதுக் காப்பீடும் நாட்டுடைமையாயின. 1999இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம் சட்டமுறைத் தகுதி பெற்றது. தரகர்களுக்கான விதிமுறைகளை 2002இல் அவ்வாணையம் வகுத்தது.

முகவரும் தரகரும் ஒருவரே எனப் பலர் எண்ணுகின்றனர். முகவர் காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் பேசுபவர். தரகரோ காப்பீடு பெறுபவரின் சார்பில் நிற்பவர். பல நிறுவனங்களின் திட்டங்களை ஒப்பிட்டுத் தக்கதைச் சொல்வதும், இழப்பு நேர்ந்தால் ஈடு பெறத் துணைநிற்பதும் தரகரின் கடமைகள். எனினும், அவருக்குரிய தரகுத்தொகையைக் காப்பீட்டு நிறுவனமே தருகிறது. பிரீமியம் கூடினால் தரகும் கூடும். இந்த முரண் மாணவியின் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்தது. அதற்கான சோதனை மூன்றாம் வாரத்தில் வந்தது.

பட்டறையின் பின்கட்டில்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை நடத்தும் ஒருவரின் தீக்காப்பீட்டுப் பாலிசி புதுப்பிக்கும் நிலையில் இருந்தது. விவரங்களைச் சரிபார்த்து வரும்படி மாணவியை அனுப்பினார் மேலதிகாரியான அம்மையார். படிவத்தில் காப்புத்தொகை 40 இலட்சம் ரூபாய் என்றிருந்தது. ஆண்டுதோறும் அதே எண்ணே எழுதப்பட்டு வந்தது. பட்டறையிலோ புதிய கணினிவழி இயந்திரங்கள் இரண்டு சேர்ந்திருந்தன. கணக்கேட்டைப் பார்த்துக் கூட்டியபோது மொத்த மதிப்பு 80 இலட்சத்தைத் தொட்டது.

பின்கட்டில் மற்றொன்றையும் அவர் கண்டார். அங்கே புதிதாகப் பெயிண்ட் அடிக்கும் கூடம் ஒன்று இருந்தது. சுவரோரம் தின்னர் பீப்பாய்கள் அடுக்கப்பட்டிருந்தன. எளிதில் தீப்பற்றும் அப்பொருள்கள் பற்றிப் படிவத்தில் ஒரு சொல்லும் இல்லை.

"இதையெல்லாம் எழுதாதேம்மா. போன வருஷம் எழுதினபடியே எழுதிக் கொண்டுபோ. இருபது வருஷத்தில் இங்கே ஒரு பொறிகூடப் பறந்ததில்லை" என்றார் பட்டறைக்காரர்.

"உள்ளதை எழுதாமல் விட்டால் பின்னால் உங்களுக்குத்தான் சார் சிக்கல்" என்றார் மாணவி.

"தொகையைக் கூட்டினால் உங்கள் கமிஷனும் கூடும். அதுதானே?"

மாணவியால் மறுமொழி கூற இயலவில்லை. அவர் சொன்னதில் ஒரு பகுதி உண்மையாயிற்றே! பழைய எண்ணையே எழுதிச் சென்றால் எவரும் கேட்கப்போவதில்லை. ஆறு வாரத்தில் ஊர் திரும்பும் பயிற்சி மாணவிக்கு அப்பட்டறையோடு என்ன தொடர்பு? ஆயினும், சாய்ந்த மரங்களுக்கிடையே பேச்சற்று நின்ற தந்தையின் முகம் நினைவில் எழுந்தது. கண்ட அனைத்தையும் குறித்துக்கொண்டு அலுவலகம் திரும்பினார்.

பாதிக்குக் கட்டிய காப்பு

மறுநாள் மேலதிகாரியும் மாணவியும் ஒன்றாகச் சென்றனர். "நீயே விளக்கு" என்றார் அம்மையார். மாணவி ஒரு தாளில் கணக்கை எழுதிக் காட்டினார்.

பொருளின் மதிப்பு 80 இலட்சம். காப்பு 40 இலட்சம். பாதி மதிப்புக்கே காப்பு இருப்பதால், மீதிப் பாதிக்கு உரிமையாளரே பொறுப்பு. இதனைக் குறைகாப்பீடு என்பர். தீயில் 20 இலட்சம் ரூபாய்க்கு இழப்பு நேர்ந்தால், காப்புத்தொகைக்குள் அடங்குகிறதே என்று முழுவதும் கிடைத்துவிடாது. விகித முறைப்படி 10 இலட்சமே கணக்காகும். தின்னர் பீப்பாய்களை மறைத்தது தெரியவந்தால் அந்தப் பத்தையும் மறுக்க நிறுவனத்திற்கு இடமுண்டு. காப்பீட்டு ஒப்பந்தம் முழுமையான நன்னம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டது. பட்டறையை அறிந்தவர் உரிமையாளர் ஒருவரே. நிறுவனம் அவர் எழுதும் சொல்லைக் கொண்டே பொறுப்பை ஏற்கிறது.

"கமிஷன் கூடும் என்பது உண்மைதான் சார்" என்றார் அம்மையார். "அதை நாங்கள் மறைக்கவில்லை. மூன்று நிறுவனங்களின் விலைப்புள்ளிகளை வாங்கித் தருகிறோம். தின்னரைத் தனி அறைக்கு மாற்றி, தீயணைப்புக் கருவி வைத்தால் அதையும் எழுதிக் கேட்கிறோம். நீங்களே ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்."

பட்டறைக்காரர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். "அப்படியானால் இத்தனை நாளும் பாதிப் பட்டறைக்குத்தான் காப்பு இருந்ததா?" என்று கேட்டார். அன்று அவர் எதற்கும் இசையவில்லை. பாலிசி முடிய இரண்டு நாள் இருக்கையில் அலுவலகத்திற்கு வந்து, உண்மை மதிப்பை எழுதிக் கையொப்பமிட்டார். பிரீமியத்திற்கான காசோலையையும் தந்தார். பிரீமியம் செலுத்தப்படும் முன் காப்பு தொடங்காது என்பது சட்டம்.

பயன்படாத பாலிசி

பிற தொழில்களில் செய்த வேலை கண்முன் நிற்கும். தச்சர் செய்த நாற்காலியில் அமரலாம். உழவர் விளைத்த நெல்லை உண்ணலாம். காப்பீட்டில் அப்படியன்று. இழப்பு நேராத ஆண்டுகளில் பாலிசி மேசையறைக்குள் மடிந்து கிடக்கும். அவ்வாறே கிடக்க வேண்டும் என்பதே அதை வாங்கியவரின் வேண்டுதலும் எழுதித் தந்தவரின் வேண்டுதலும்.

ஆறு வாரம் முடிந்தபோது மாணவிக்குச் சான்றிதழும் சிறிய ஊக்கத்தொகையும் கிடைத்தன. இயந்திரங்களின் பெயர்களும் விகிதக் கணக்கும் கற்றதில் ஒரு பகுதியே. சொல்லின் எடையை அவர் அங்கே உணர்ந்தார். படிவத்தில் எழுதும் ஓர் எண்ணும், எழுதாமல் விடும் ஒரு வரியும் எழுதும் நாளில் எளியவையாகத் தோன்றும். தீயோ வெள்ளமோ வந்த பின் அவற்றைத் திருத்த இயலாது. கெட்ட நாளில் துணைநிற்பது நல்ல நாளில் எழுதிய உண்மையே. அதைப் பொறுமையாகப் படித்து, உரியவருக்கு விளங்கச் சொல்லி, அவர் சினந்தாலும் சரியானதை எழுதச் செய்பவரே நல்ல தரகர்.

அவர் ஊர் திரும்பிய நாளில் தோப்பில் புயலுக்குப்பின் நட்ட தென்னைகளில் முதற்பாளை வெடித்திருந்தது. அன்று மாலை மாணவி ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் சென்றார். ஒவ்வொரு மரமாக எண்ணி, அதன் வயதையும் நிலையையும் உள்ளது உள்ளபடி எழுதத் தொடங்கினார்.